விரிஞ்சிருச்சா

பார்க்கக் கூடாது. வளர்ப்பு அறையிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாயிற்று, லாமினாருக்குள் இடது பக்கம் வைத்தும் ஆயிற்று, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும் விட்டேன், ஆனால் இன்னும் உள்ளே பார்க்கவில்லை. மூடியைப் பார்க்கிறேன். மூடியைச் சுற்றி ஒட்டின நாடாவைப் பார்க்கிறேன். நாடாவின் ஒரு முனை பிரிந்து காற்றில் துடித்துக்கொண்டிருக்கிறது. லாமினார் என்கிற இந்த மேடையில் காற்றுதான் எல்லாம், பின்னாலிருக்கும் வடிகட்டி வழியாகக் கிருமி நீங்கி வந்து முகத்தில் ஊதிக்கொண்டே இருக்கும், அது நின்றால் எங்கள் பிழைப்பும் நின்றது. இந்த இரைச்சலுக்குப் பழகின காதுக்கு வெளியே போனால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். என்னோடு இங்கே வேலை பார்த்த மைமூன் வீட்டு ஆக்ஸிஜன் மெஷினும் இப்படித்தான் இரைகிறது. அதைக் கொண்டுவந்து வைத்த அன்றைக்கு அவள் சொன்னாள், "பாத்தியா வடிவு, லாமினாரையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்." நான் சிரித்தேன். அவள் மகள் தஸ்லீமா சிரிக்கவில்லை, மெஷினின் வயரைச் சுவரோரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். சரி, ஸ்பிரிட். பஞ்சை நனைத்து மேடையைத் துடைக்க வேண்டும், உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில். கையைத் துடைக்க வேண்டும், விரலிடுக்கையும். ஸ்பிரிட் காயும்போது கை சில்லிடுகிறது. இன்றைக்கு இலை விரிந்திருக்கும். நேற்று சாயங்காலமே முனை பிரிந்துவிட்டது, நான்தான் சரியாகப் பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன், நாளைக்குக் காலையில் நல்ல வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று. வளர்ப்பு அறையில் காலை வெளிச்சம், மாலை வெளிச்சம் என்று ஏதோ இருக்கிற மாதிரி. அங்கே எப்போதும் அதே டியூப்லைட்தான்.

"விரிஞ்சிருச்சா?" தினமும் சாயங்காலம் நான் மைமூன் வீட்டுப் படியேறிச் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து இதுதான் வரும். வாடி என்றுகூடச் சொல்ல மாட்டாள். மூக்கில் குழாயோடு, முதுகுக்குத் தலையணைகளை அண்டக் கொடுத்துக் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு செலவாகும், அப்புறம் இன்னொரு மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். இன்னும் இல்லட்டி, முனைதான் வந்திருக்கு, என்பேன். மெதுவா வரட்டும், அதுக்கு என்ன அவசரம், என்பாள். அவளுக்குத்தான் அவசரம். நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, ஏன் இறுகுகிறது என்று பார்த்த டாக்டர் ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டில் யாராவது பீடி குடிப்பார்களா, விறகடுப்பா, பஞ்சாலையில் வேலை பார்த்திருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், ஒன்றும் கிடையாது. வாழ்க்கை முழுக்க வடிகட்டின காற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு மூச்சு கெட்டுப்போயிற்று என்றால் யாரிடம் போய்ச் சொல்வது. இதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. தஸ்லீமாதான் வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொல்வாள், "பெரியம்மா, இந்த வாரம் மெஷின் அளவ இன்னும் கூட்டி வச்சிருக்காங்க." நான் தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடப்பேன். உள்ளே இருந்த நேரமெல்லாம் நானும் மைமூனும் உளுந்தைப் பற்றிப் பேசியிருப்போம்.

உளுந்து. நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஊரெல்லாம் இட்லிக்கு ஊறப்போடுகிற உளுந்தை நாங்கள் இரண்டு பேரும் ஆயுசு முழுக்க வேறு விதமாக ஊறப்போட்டுக்கொண்டிருந்தோம். இளம் இலையைப் பொடியாக நறுக்கி, செல்லின் சுவரைக் கரைக்கிற திரவத்தில் போட்டு இருட்டில் வைத்துவிட்டுப் போனால், மறுநாள் சுவரெல்லாம் கரைந்து உள்ளிருந்த உயிர் மட்டும் உருண்டை உருண்டையாக மிதக்கும். மைக்ராஸ்கோப்பில் பச்சை மணி மாதிரி தெரியும். தோலில்லாத உயிர், சுற்றியிருக்கும் நீரில் சர்க்கரை கொஞ்சம் குறைந்தால் வெடித்துவிடும், கூடினால் சுருங்கிவிடும். அந்த ஒற்றைச் செல்லுக்குள் முழுச் செடியும் இருக்கிறது, வேரும் தண்டும் பூவும் காயும் எப்படிச் செய்வது என்று அதற்குத் தெரியும், நாம் கேட்கிற விதத்தில் கேட்டால் செய்துவிடும். இதுதான் எங்கள் தொழிலின் நம்பிக்கை. புகையிலையிடம் கேட்டால் மறுபேச்சில்லாமல் செய்யும். கேரட் செய்யும். உளுந்திடம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சுவர் கட்டிக்கொள்ளும், இரண்டாகும், நாலாகும், வெளிறின கட்டியாகும், மனசு வந்தால் வேர்கூட விடும். தளிர் விடாது. மஞ்சள் தேமல் விழுந்து காடு காடாக உளுந்து வெளுக்கிற வருஷங்களில் சம்சாரிகள் நோயுற்ற செடியைப் பிடுங்கிக்கொண்டு எங்கள் பயறு ஆராய்ச்சி நிலையத்து வாசலில் வந்து நிற்பார்கள். ஒற்றைச் செல்லிலிருந்து செடி எடுக்கத் தெரிந்துவிட்டால் தேமலைத் தாங்குகிற செல்லாகப் பார்த்துப் பொறுக்கிச் செடியாக்கிவிடலாம் என்று நாங்கள் ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதுவோம். என் வீட்டுக்காரர் கேட்பார், உங்க உளுந்துல என்னைக்குத்தான் வடை சுடப் போறீங்க என்று. மைமூனுக்குக் கல்யாணம் ஆயிற்று, தஸ்லீமா பிறந்தாள், அவள் வீட்டுக்காரர் காதர் பாய் மௌத்தானார், எனக்கு நரைத்தது, நரைக்குச் சாயம் பூசினேன், பூசுவதையும் விட்டேன். உளுந்து தளிர் விடவில்லை.

விட்டுவிட்டது. விட்டுவிட்டது என்றுதானே இத்தனை நாளும். விளக்கைப் பற்ற வைக்கிறேன். சுடர் காற்றுக்கு என் பக்கமாகச் சாய்கிறது. இடுக்கியை ஸ்பிரிட்டில் நனைத்துச் சுடரில் காட்டி, ஆறட்டும் என்று பிடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் யாரோ வடிதாள் கட்டை வைத்திருக்கிறார்கள், எடுத்துக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கலாம், இனிமேல் எழுந்தால் மறுபடியும் கை துடைக்க வேண்டும். லாமினாருக்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாது, பேச்சோடு எச்சில் தெறிக்கும், எச்சிலோடு கிருமி போகும், ரெண்டு நாளில் பாட்டிலெல்லாம் பூஞ்சை பூத்து நிற்கும். அதனால் இந்த மேடையில் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. முழங்கையால்தான் பேச்சு. ஒரு தட்டு என்றால் விளக்கு அணைந்துவிட்டது பார், லேசாக உரசினால் இடுக்கியைக் கொடு, கொஞ்சம் பலமாக இடித்தால் மானேஜர் வருகிறார். எங்கள் துறைத் தலைவர் மகுடபதிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. இரண்டு பெண்கள் இத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் இருந்தார்கள் என்றால் எங்கள் சொந்தக்காரர்கள் நம்பவே மாட்டார்கள். பேச்சையெல்லாம் சேர்த்து வைத்துச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டுவோம். அவள் டிபன் பாக்ஸ் மூடியில் எனக்கு ஒரு பங்கு, என் மூடியில் அவளுக்கு ஒரு பங்கு. என் ஏட்டி, வாட்டியை அவள் தஸ்லீமாவிடம் பேசிக்காட்டிச் சிரிப்பாள். இப்போது அந்தப் பக்கத்து முழங்கை சும்மாவே கிடக்கிறது. என் முழங்கையைச் சொல்கிறேன். பழக்கத்தில் இடது பக்கம் நகர்ந்து நாற்காலியின் முதுகில் இடித்துக்கொள்கிறது.

மகுடபதி நல்லவர்தான். அடுத்த கூட்டத்தில் அறிவிச்சிரலாமா மேடம், என்று கேட்கிறார். டிஎன்ஏ பார்க்க ஒரு துணுக்கு இலை மட்டும் அனுப்புங்க, என்கிறார். இலை ரொம்பச் சின்னது சார், கிள்ளினால் செத்துப்போகும், என்று சொல்லிச் சொல்லித் தள்ளிவிட்டேன். பொய்யில்லை. முதலில் வந்த தளிர் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. பாட்டிலுக்குள் ஈரம் கூடிப்போனால் தளிர் அப்படித்தான் தடித்து, ஒளி ஊடுருவுகிற மாதிரி, உருவம் கெட்டு வரும், எந்தச் செடியின் தளிர் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதைப் போட்டோ எடுத்து மைமூனுக்கு அனுப்பினேன். மூன்று தரம் மங்கலாக விழுந்து நாலாவதுதான் சரியாக வந்தது. அவள் உடனே பதில் போடவில்லை. நான் சோறு தின்னாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வந்தது, மூணு இலை விரிஞ்சதும் பாட்டிலோட கொண்டு வா, கையில வாங்கிப் பாக்கணும், என்று. உளுந்துக்கு முதல் இலைகள் ஒற்றை ஒற்றையாகத்தான் வரும், அதற்கப்புறம்தான் ஒரே காம்பில் மூன்றாக. அந்த மூன்று விரிந்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது. அவள் எதையுமே என்னிடம் கேட்டதில்லை, இது ஒன்றைத்தான் கேட்டாள். அன்றிலிருந்து தினமும் விரிஞ்சிருச்சா. நேற்றைக்கு மட்டும் அவள் கேட்கவில்லை. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள், மெஷின் இரைந்துகொண்டிருந்தது, நானாகவே சொன்னேன், முனை பிரிஞ்சிட்டுட்டி, நாளைக்குப் பாட்டிலோட கொண்டாரேன். கண்ணைத் திறக்காமல் சரி என்று விரலை அசைத்தாள். விரல் நுனி நீலமாக இருந்தது. வாசலில் தஸ்லீமா மெஷினைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நாளைக்குக் காலைலயே வந்துருங்க பெரியம்மா, என்று மட்டும் சொன்னாள்.

சரி, பார்த்துவிடு. பாட்டிலை உயர்த்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறேன். தண்டைப் பார். தண்டு தடியாக இருக்கிறது, இருக்கட்டும். வேர் எக்கச்சக்கம், இருக்கட்டும், உளுந்துக்கு வேர் விடத் தெரியும். கீழ் இலை. அடுத்த இலை. மேலே, நேற்று முனை பிரிந்தது. விரிந்திருக்கிறது. ஒன்று. பாட்டிலைத் திருப்புகிறேன், மறுபக்கத்தில் மற்ற இரண்டும் ஒளிந்திருக்கும், திருப்புகிறேன், இன்னும் கொஞ்சம், ஒன்றுதான். அகலமாக, காம்பே இல்லாத மாதிரித் தண்டைத் தழுவிக்கொண்டு ஒரே இலை. நாடாவைப் பிரித்து மூடியைத் திறந்து, இடுக்கி நுனியால் இலையை லேசாகத் தொட்டு எடுக்கிறேன். இலை இடுக்கியோடு கூட வருகிறது, ஒட்டிக்கொண்டு. விட மாட்டேனென்கிறது. உளுந்து ஒட்டாது. இப்படிப் பிசுபிசுவென்று ஒட்டுகிற இலை இந்தக் கூடத்தில் ஒன்றே ஒன்றுதான். ஆயா.

ஆயா என்று நாங்கள் பெயர் வைத்தது புகையிலைச் செல்லுக்கு. சுவர் கரைந்த உளுந்துச் செல்லைத் தனியாக விட்டால் அது பிளவுபடாது, சும்மா இருந்து செத்துப்போகும். பக்கத்தில் ஏதோ ஒன்று உயிரோடு, சுறுசுறுப்பாக வளர்ந்துகொண்டிருக்க வேண்டும், அதிலிருந்து ஊறி வருகிற எதுவோ ஒன்று இதற்குத் தைரியம் கொடுக்கும். என்ன அது என்று முழுசாக யாருக்கும் தெரியாது. அதனால் தட்டில் கீழே புகையிலைச் செல்லைப் பரப்பி, அதன் மேல் வடிதாள் ஒன்றை விரித்து, தாளின் மேல் உளுந்துச் செல்லை விடுவோம். ஊறல் தாளைத் தாண்டி மேலே போகும், செல் தாண்டாது. பிள்ளை வளர்ந்ததும் தாளோடு தூக்கி வேறு தட்டில் வைத்துவிடுவோம், ஆயா கீழேயே நின்றுவிடுவாள். உளுந்துக்கு உளுந்துச் செல்லையே துணை வைக்கலாம் என்று நான் சொன்னேன். மைமூன்தான் கேட்கவில்லை, "புகையிலை மாதிரி ஆயா கெடைக்க மாட்டாடி, எந்தப் பிள்ளையையும் வளத்துருவா" என்றாள். அவள் வேலைக்கு வந்த கடைசி நாள் தட்டு அது. சின்ன சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடியேறி வந்தாள். ஆக்ஸிஜனோடு விளக்குச் சுடருக்கு முன்னால் உட்கார முடியாது, தீப்பிடித்துவிடும். குழாயைக் கழற்றிச் சிலிண்டரைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் செய்கிறேன் என்று எழுந்தேன், முழங்கையால் இடித்து உட்கார வைத்தாள். அவள் கை நடுங்கிற்று. வடிதாள் ஓரத்தில் மடிந்ததா, கிழிந்ததா, எந்த இடுக்கு வழியாக அந்த ஒற்றைச் செல் மேலே ஏறி வந்தது, எனக்குத் தெரியாது, நான் தட்டைப் பார்க்கவே இல்லை. அவள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நீலம் ஏறுகிறதா என்று.

ஆக, பிள்ளை இருந்த இடத்தில் ஆயா வந்து உட்கார்ந்திருக்கிறாள். இதைப் போய் எப்படிச் சொல்வேன். மைமூன், நீ விரித்த தாள் சரியில்லை, உன் கை நடுங்கிற்று, நீ பார்த்த கடைசி வேலை கெட்டுப்போயிற்று, இது உளுந்தில்லை, நாம் எடுத்தது ஒன்றுமே இல்லை. அவளுக்கு மூச்சு இருக்கும்போதே இதைச் சொல்ல வேண்டுமா. சொல்ல வேண்டாம். இலை இன்னும் விரியலட்டி என்று சொல்லலாம், அவள் இன்னும் எத்தனை நாள், சீ. வாயில் வரக் கூடாத கணக்கு. நாளைக்குக் காலையிலேயே வந்துருங்க என்றாளே அந்தப் பிள்ளை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. பாட்டிலோடு கொண்டு வருகிறேன் என்று வேறு சொல்லிவிட்டேன். வளர்ப்பு அறையில் கீழ்த் தட்டு முழுக்க உளுந்து நாற்றுப் பாட்டில்கள் இருக்கின்றன, இலை எடுப்பதற்காக விதையிலிருந்து முளைக்க வைத்தவை, ஒவ்வொன்றும் அழகாக மூன்று இலையோடு நிற்கின்றன. ஏன் அந்தப் பக்கம் நினைப்பு போகிறது. போய்விட்டதே, எழுந்து போயாயிற்று, ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தும் ஆயிற்று. மறுபடியும் ஸ்பிரிட், மறுபடியும் விரலிடுக்கு. விதையில் முளைத்த நாற்றை மைமூனிடம் காட்டி ஏமாற்ற முடியாது, விதையிலை விழுந்த தழும்பு அடித்தண்டில் இருக்கும், பாட்டிலை வாங்கினதும் அவள் முதலில் அதைத்தான் பார்ப்பாள். தழும்புக்கு மேலே வெட்டிவிட்டால். வெட்டி வேறு பாட்டிலில் நட்டுவிட்டால். வேர் இன்னும் விடலட்டி என்று சொல்லிக்கொள்ளலாம். பிளேடைச் சுடரில் காட்டுகிறேன். என் கை நடுங்கவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. ஒரே வெட்டு. மூன்று இலையும் இடுக்கியில் தொங்குகின்றன, மெல்லிசாக, யாரையும் ஒட்டாமல். புதுப் பாட்டிலில் நிமிர்த்தி நட்டு, மூடி, நாடா சுற்றி, பழைய பாட்டிலில் இருக்கிற அதே எழுத்தை மார்க்கரில் எழுதுகிறேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாட்டில். இதைக் கையில் வாங்கி அவள் சிரித்துவிட்டால் போதும். சிரித்துவிட்டு அப்புறம் எது வேண்டுமானாலும் ஆகட்டும். இல்லை, எதுவும் ஆக வேண்டாம். சிரித்துவிட்டு நாளைக்கும் ஏதாவது கேட்கட்டும். பூ விட்டுருச்சா என்று கேட்கட்டும், காய் பிடிச்சிருச்சா என்று கேட்கட்டும், நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்றை வெட்டிக் கொண்டுபோகிறேன்.

வெளி மேசையில் போன் அடிக்கிறது. லாமினாரில் உட்கார்ந்தால் போனை எடுப்பதில்லை. அடித்து நிற்கிறது. மறுபடியும் அடிக்கிறது. இந்த நேரத்தில் என்னை யார் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் கூப்பிட மாட்டார். நாளைக்குக் காலையிலேயே வந்துருங்க என்றாள், நான் காலையிலேயே போகாமல் இங்கே உட்கார்ந்து திருட்டுத்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். எடுக்காமல் இருந்தால் எதுவும் நடந்திருக்காது. நின்றுவிட்டது. இரைச்சல் மட்டும் கேட்கிறது. மூன்றாவது தடவை அடித்ததும் விளக்கை மூடிவிட்டு ஓடுகிறேன். தஸ்லீமா. அவளே பேசுகிறாள், "பெரியம்மா, உம்மா உங்ககிட்டப் பேசணும்ங்குறாங்க. நீங்க அங்கருந்து கெளம்புறதுக்குள்ள பேசியாகணுமாம். காதுல வைக்கிறேன், இருங்க." நாற்காலி கிடைக்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். போனில் மெஷினின் சத்தம் பெரிதாகிறது.

"வடிவு."

"சொல்லுட்டி."

"லாமினார்ல இருந்தியா?"

"ஆமா."

"எத்தன பாட்டில் இருக்கு?"

நான் திரும்பிப் பார்க்கிறேன்.

"ரெண்டா?" ஒரு மூச்சு. "ஒண்ணு நாத்தா? தழும்புக்கு மேல வெட்டிருப்பியே."

"யாருட்டி உனக்குச் சொன்னது?"

"யார் சொல்லணும். நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

அவள் மூச்சு திரும்பி வரும்வரை காத்திருக்கிறேன். எப்பத் தெரியும், என்று கேட்கிறேன்.

"மொத போட்டோ அனுப்புனீல்ல, அப்பவே. பெருசு பண்ணிப் பாத்தேன். சன்ன முடியெல்லாம் நுனில மினுங்குச்சு. நம்ம ஆயாதான்டி." மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறாள். "அன்னைக்குத் தாள் ஓரம் மடங்கிருச்சு. எனக்குத் தெரியும். திருப்பி விரிக்க மூச்சு இல்ல. விட்டுட்டேன்."

"அப்பம் தெனமும் எதுக்குட்டி கேட்ட? விரிஞ்சிருச்சா, விரிஞ்சிருச்சான்னு?"

தஸ்லீமா தண்ணீர் கொடுக்கிற சத்தம் கேட்கிறது.

"கேக்கலைன்னா நீ என்ன செய்வ? வந்து உக்காந்து என் மூஞ்சியப் பாப்ப. அழுவ. உன்னத் தேத்துறதுக்கு எங்கிட்ட மூச்சு இல்லடி. எலயப் பத்திக் கேட்டா நீயே பேசிக்கிட்டு இருப்ப. நான் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கலாம்."

நான் அழவில்லை. அழுதால் அவளுக்குக் கேட்கும். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்கிறேன், கையில் ஸ்பிரிட் வாசனை.

"வடிவு, இருக்கியா?"

"இருக்கேன்."

"பீடியே குடிக்காம நெஞ்சு போச்சு. கடைசில பொகயில வேற மொளச்சிருக்கு பாத்தியா." சிரிக்கிறாள், சிரிப்பு இருமலாகி, போதும்மா போதும்மா என்று தஸ்லீமா சொல்வது தூரத்தில் கேட்கிறது, போன் எங்கோ மெத்தையில் விழுந்து கிடக்கிறது. நான் காதிலிருந்து எடுக்கவில்லை. அப்புறம் மறுபடியும் அவள்தான். "அதையே கொண்டா. அதுவும் ஒத்தச் செல்லுதான். நாம கேக்காமலே வந்திருக்கு. ஆட்டோகிளேவ்ல போட்டுக் கொன்னுறாத. மண்ணுல வச்சுக் கொண்டா. தொட்டுப் பாக்கணும்."

"வாரேன்."

"இன்னைக்கே வா."

மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஆயாவை இடுக்கியால் பிடித்து வெளியே எடுக்கிறேன். வேரில் ஒட்டியிருக்கிற அகார் கூழை ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும், ஒரு பொட்டு மிச்சமிருந்தாலும் அதிலுள்ள சீனிக்குப் பூஞ்சை பிடிக்கும். வேர் ஒன்றுகூட அறாமல் மெல்ல அலசுகிறேன். பேப்பர் கப்பில் தேங்காய் நார்த்தூளை நனைத்துப் போட்டு, விரலால் குழி பண்ணி நட்டு, பாட்டிலுக்குள்ளேயே இருந்து பழகின செடி வெளிக்காற்றில் வாடிவிடும் என்பதால் மேலே பாலிதீன் பையைக் கவிழ்த்து ரப்பர் பாண்டு போடுகிறேன். பைக்குள் இப்போதே நீர் கோர்க்கிறது. நாற்றுப் பாட்டிலை என்ன செய்வது. மார்க்கர் எழுத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுக் கீழ்த் தட்டிலேயே மற்ற பாட்டில்களோடு வைத்துவிட்டு வருகிறேன், அது என்ன பாவம் செய்தது. இன்றைக்குப் படியேறும்போது உள்ளேயிருந்து கேள்வி வராது. இனிமேல் அவள் கேட்க ஒன்றுமில்லை, நான் சொல்ல ஒன்றுமில்லை, உளுந்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியாது. நான்தான் கேட்க வேண்டும். டாக்டர் என்னட்டி சொன்னாரு என்று கேட்க வேண்டும். ரொம்பக் கஷ்டமா இருக்கா என்று கேட்க வேண்டும். பயமா இருக்கா என்று கேட்க வேண்டும். கட்டிலோரம் உட்கார்ந்து, வாயைத் திறந்து, இதையெல்லாம். அழாமல் கேட்க வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் முழங்கையால் இடிப்பாள், அதற்கு மூச்சு தேவையில்லை.

கப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லாமினாரின் சுவிட்சை அணைக்கிறேன். இரைச்சல் குறைந்து குறைந்து நிற்கிறது. கூடம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. கதவு வரைக்கும் போகிறேன், அந்த அமைதியில் என்னால் நிற்க முடியவில்லை. திரும்பி வந்து சுவிட்சை மறுபடியும் போட்டுவிடுகிறேன். யாரும் உட்காராத அந்த இரண்டு நாற்காலிக்கும் முன்னால் அது ஓடிக்கொண்டிருக்கட்டும்.